செட்டிநாட்டு வீடுகளில் எந்த சிம்முக்கு டவர் கிடைக்கும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தை மாதம் பன்னிரண்டு நாள் செட்டிநாட்டில் தங்கப் போகிறீர்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி. பிறகு புதுக்கோட்டைப் பக்கம் கடியாபட்டி, இராயவரம், நச்சாந்துபட்டி. பகலில் பழைய வீடுகளைப் படம் எடுப்பீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தப் படங்களை அலுவலகத்துக்கு அனுப்பி, வீடியோ அழைப்பிலும் பேச வேண்டும். இதற்கு எந்த நெட்வொர்க் நல்லது, தனியாக மோடம் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது கம்பெனியைப் பற்றி. உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியதோ, மாலை ஆறரை மணிக்கு நீங்கள் உட்காரும் நாற்காலிக்கு இணையம் வந்து சேருமா என்பது. அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன்.

அலைபேசி கோபுரங்களின் வீச்சை அளப்பது என் தொழில். வண்டியில் கருவிகளை வைத்துக்கொண்டு சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டச் சாலைகளில் பதினேழு ஆண்டுகள் ஓடியிருக்கிறேன். ஊர்க்காரர்கள் சிக்னல் என்று சொல்வதில்லை, 'டவர் கிடைக்கவில்லை' என்பார்கள். அந்தப் புகாருடன் அழைப்பவர்களின் வீட்டுக்குள் போய் அளந்ததும் உண்டு. அதில் கற்ற முதல் பாடம், செட்டிநாட்டில் டவருக்குத் தடை தூரம் என்பதை விட வீடு என்பது. நிலம் சமதளம். பொட்டல், கண்மாய், பனை, தைல மரத் தோப்பு, அவ்வளவுதான். அலை தடையில்லாமல் நெடுந்தூரம் போகும் நிலம் இது. குன்றக்குடி, திருமயம் போன்ற ஊர்களில் பாறைக் குன்றுக்குப் பின்புறம் கொஞ்சம் நிழல் விழும். மேற்கே சிங்கம்புணரி, நத்தம் பக்கம் மலைகள் தொடங்கிவிடுவதால் அங்கே கணக்கு வேறு. நீங்கள் சொன்ன ஊர்கள் எதிலும் மலைத் தொல்லை இல்லை.

வீட்டைப் பாருங்கள். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு (அதற்குப் பின்னால் உள்ள பகுதி), அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குப் பெரும்பாலும் வெளிப்பக்கம் சன்னல் கிடையாது. சில வீடுகளில் மேற்கூரைக்குக் கீழே பூ வேலை செய்த உலோகத் தகடு அடித்திருப்பார்கள். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் முகப்புத் திண்ணையில் சிக்னல் பலம் கழித்தல் 88 என்று காட்டிய என் போன், வளவின் ஓரத்து அறைக்குள் போனதும் கழித்தல் 115 காட்டியது. இடையில் இருபது அடிகூட இல்லை. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கருவி எதையும் பார்க்கவில்லை. முகப்பின் வடக்கு மூலையில் கிடந்த ஒரு நாற்காலியைக் காட்டி, "பேசுவதாக இருந்தால் அங்கே உட்காருங்கள் தம்பி, அந்தத் தூணைத் தாண்டினால் கிடைக்காது" என்றார். அளந்து பார்த்தேன். அவர் சொன்ன தூண்தான் எல்லை. மலேசியாவிலிருந்து பிள்ளைகள் கூப்பிடும் நேரத்துக்கு அந்த நாற்காலி எப்போதும் தயாராக இருக்கும் என்று பிறகு தெரிந்தது. எந்த வீட்டில் தங்கினாலும் முதல் வேலையாக அங்கே இருப்பவரிடம் 'போன் பேசும் இடம் எது' என்று கேளுங்கள்.

அந்த எண்களையும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் திரையில் தெரியும் கோடுகளை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறார். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் என்ற அளவில் உண்மையான பலம் தெரியும். 4ஜிக்கு கழித்தல் 80, 90 அருமை. 100 வரை வேலை நடக்கும். 110ஐ நெருங்கினால் படம் அனுப்பும்போது திணறும். 120 என்றால் போனைப் பையில் வைத்துவிடலாம். கழித்தல் 88 என்பது கழித்தல் 91 ஆகி, மூன்று எண் குறைந்தாலே பலம் பாதியாகிவிட்டது என்று பொருள். பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பள்ளத்தூர் வீட்டில் 27 குறைந்தது என்றால், ஐந்நூறில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. படம் பார்ப்பவருக்கு டவரிலிருந்து போனுக்கு வருவது போதும். நீங்கள் போனிலிருந்து டவருக்கு அனுப்ப வேண்டியவர். டவரில் உள்ள கருவி பல பத்து வாட் ஆற்றலில் பேசும். உங்கள் போன் பேசுவது அதிகபட்சம் 0.2 வாட் அளவில். அது உரக்கச் சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் முணுமுணுப்பது அதற்குக் கேட்காது. செய்தி படிக்க முடிகிறது, படம் மட்டும் போகவில்லை என்று வருத்தப்படுகிறவர்களின் நிலை இதுதான். அப்போது போன் முழு மூச்சில் கத்துவதால் பேட்டரியும் மளமளவென்று இறங்கும்.

இனி கம்பெனிக்கு வருகிறேன். சுவரைத் துளைப்பதில் அலைவரிசையின் பங்கு பெரிது, இதில் சந்தேகமே இல்லை. எண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ்களில் ஓடுகிறது. மற்ற தனியார் நிறுவனங்களிடமும் ஆயிரத்துக்குக் கீழே ஒரு துண்டு உண்டு, அதற்கு மேலேதான் அகலமான பகுதிகள். பி.எஸ்.என்.எல். தன் 4ஜியை 700, 2100 அலைவரிசைகளில் கொடுக்கிறது. 5ஜிக்குப் பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி. 850ஐயும் 3500ஐயும் ஒப்பிட்டால், அதே தூரத்தில் வெட்டவெளியிலேயே 3500 ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்குக்கு இளைத்துவிடும். செங்கல் சுவர் அதற்கு மேல். ஆகவே ஊர் எல்லையில் '5ஜி வந்துவிட்டது' என்று பலகை இருந்தாலும், இரண்டாங்கட்டில் அதை எதிர்பார்க்காதீர்கள். ஒன்றே ஒன்று விதிவிலக்கு. 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை வாங்கிய ஒரே தனியார் நிறுவனம் ஜியோ, அதை 5ஜிக்குப் பயன்படுத்துகிறது. அந்த அலை கிடைக்கும் இடத்தில் 5ஜியே வீட்டுக்குள் நன்றாக வரும். அதனால் 5ஜியை ஒரேயடியாக அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 4ஜியில் மட்டும் வைத்து ஒரு முறை, 5ஜியோடு ஒரு முறை, அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே படத்தை அனுப்பிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே போன் ஊசலாடிக்கொண்டிருந்தால் 4ஜியில் நிறுத்திவிடுங்கள், வேகம் குறைந்தாலும் அழைப்பு அறாது.

காரைக்குடி, தேவகோட்டை நகரங்களில் எந்த சிம்மும் ஓடும், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். கிராமங்களுக்கு என் முடிவு இது: ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் ஒவ்வொரு சிம். இப்போது உங்கள் கையில் இரண்டில் ஒன்று இருந்தால் மற்றதை மட்டும் வாங்குங்கள். இது உறுதியான உண்மை என்று சொல்லமாட்டேன், பல ஆண்டு அளந்ததில் கிராமப்புற 4ஜி இந்த இரண்டிலும் நெருக்கமாக இருப்பதைக் கண்டதால் வந்த கணிப்பு. பி.எஸ்.என்.எல். உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி 2025 செப்டம்பரில் நாடு முழுதும் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் 700 மெகாஹெர்ட்ஸ் இந்த வீடுகளுக்கு நன்றாகப் பொருந்தும் அலை. ஆனால் உங்கள் போன் அதை வாங்க வேண்டும். போனின் விவரப் பட்டியலில் அந்த 700 மெகாஹெர்ட்ஸின் பெயரான 4ஜி பேண்ட் 28 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய 4ஜி போன்கள் பலவற்றில் அது இல்லை. இருந்தால், மூன்றாவது சிம்மாக ஒன்றை வைத்துக்கொள்வது நல்ல யோசனை. குறிப்பிட்ட ஒரு தெருவில் இன்று எது முந்தும் என்பதை மட்டும் யாரும் எழுத்தில் உறுதி தர முடியாது. ஒரு ஆண்டெனாவை இரண்டு டிகிரி சாய்த்தாலே தெருவின் நிலை மாறிவிடும், நானே அப்படிச் சாய்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டு சிம் வாங்குகிறவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கம்பெனி இரண்டு என்பதால் டவரும் இரண்டு என்று ஆகாது. பல இடங்களில் டவர் வேறொரு நிறுவனத்துடையது. அதே கம்பத்தில் இரண்டு மூன்று கம்பெனிகள் வாடகைக்கு ஆண்டெனா மாட்டியிருக்கும். மின்சாரம் போய், பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசலும் வராமல் போனால் எல்லா சிம்மும் ஒன்றாகப் படுத்துவிடும். சாலை அகலப்படுத்தும் பொக்லைன் கண்ணாடி இழைக் கேபிளை அறுத்தாலும் அதே கதிதான், கேபிளும் பொதுவாக இருந்தால். ஒரு முறை ஒரு மணமகனின் தந்தை கல்யாண நேரலைக்காக மூன்று கம்பெனி சிம் வாங்கி வைத்திருந்தார். மூன்றும் ஊருக்குத் தெற்கே நின்ற ஒரே கம்பத்தில் இருந்தன. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் கம்பம் ஓய்ந்துவிட்டது. சிங்கப்பூரில் இருந்த ஆத்தாவுக்குத் தாலி கட்டுவதைக் காட்ட முடியவில்லை. அந்த மனிதர் கையில் மூன்று போனை வைத்துக்கொண்டு நின்ற நிற்பு இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

ஆகவே போவதற்கு முன் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையத்தளத்தைத் திறந்து, தங்கும் ஊரைச் சுற்றி டவர்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஊருக்குள் நுழைந்ததும் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். நீளவாட்டில் நிற்கும் வெள்ளைப் பலகைகள் இரண்டு மூன்று உயரங்களில் தனித்தனி வட்டமாகத் தெரிந்தால் குடியிருப்பவர் பலர் என்று வைத்துக்கொள்ளலாம். காவல்காரர் இருந்தால் எந்தெந்தக் கம்பெனி என்று அவரே சொல்லிவிடுவார். உங்கள் இரண்டு சிம்மும் வெவ்வேறு கம்பத்தில் இருந்தால் நிம்மதி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி கம்பெனிகள் தங்கள் வீச்சு வரைபடங்களை இணையத்தளங்களில் வைத்திருக்கின்றன. அவற்றையும் பாருங்கள், ஆனால் வரைபடத்தில் பூசிய நிறம் வெட்டவெளிக்கு உரியது. வளவு வீட்டுக்கு அந்த நிறத்தில் ஒரு படி கழித்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் என்று சொன்னீர்களே, அதுதான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. செட்டிநாட்டு ஊர்கள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிய வீடுகளாகக் கிடக்கும். தை பிறந்தால் முகூர்த்தம், அறுபதாம் கல்யாணம், பொங்கல் என்று சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கும். நூறு பேர் இருந்த தெருவில் ஆயிரம் பேர், ஆளுக்கு இரண்டு போன். சிராவயல் மஞ்சுவிரட்டும் தை மாதம்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டம் குன்றக்குடியிலிருந்து புறப்பட்டுச் சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போகும். கூட்டம் போகும் இடமெல்லாம் டவர் நெரியும். ஊரணி நிறையத் தண்ணீர் இருந்தாலும் இறங்க ஒரே படித்துறை என்றால் குடத்தோடு காத்திருக்கத்தான் வேண்டும். போனில் கழித்தல் 85 காட்டும், ஒரு படம் போகாது. அந்த நேரத்தில் கோடுகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அது பலத்தின் குறையன்று, இடத்தின் குறை. அடுத்த கம்பெனிக்கு மாறிப் பாருங்கள், அங்கே படித்துறை காலியாக இருக்கலாம். அதுவும் நெரிந்தால் விடிகாலை நான்கரைக்கு எழுந்து அனுப்புங்கள். கல்யாண வீடு தவிர ஊரே தூங்கும் நேரம், நான் அளந்த எல்லா ஊரிலும் அப்போது வேகம் வேறு மாதிரி இருக்கும்.

நாளிதழில் வரும் மின்தடை அறிவிப்புகளையும் கவனியுங்கள். பராமரிப்புக்காகத் துணைமின் நிலையங்களில் காலை முதல் மாலை வரை நிறுத்துவார்கள். டவரில் பேட்டரி இருக்கும், ஆனால் பழைய பேட்டரி என்றால் மதியத்துக்கு மேல் தாங்காது. அன்று மாலை முக்கியமான அழைப்பு இருந்தால் காரைக்குடிக்கு வந்துவிடுங்கள்.

தங்கும் இடத்தில் கேபிள் வழி இணையம் இருந்தால் மேலே சொன்ன கவலையில் பாதி தீரும். பழைய வீடுகளை விடுதியாக மாற்றியவர்கள் பலர் வைஃபை கொடுக்கிறார்கள். முன்பதிவு செய்யும்போது 'வைஃபை உண்டா' என்று கேட்டு நிறுத்தாதீர்கள், உண்டு என்றுதான் சொல்வார்கள். என் அறைக்குள் வருமா, கேபிளில் வருகிறதா அல்லது சிம் போட்ட கருவியா, மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் அந்தக் கருவிக்கும் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். முடிந்தால் அறையிலிருந்தே ஒரு வேகச் சோதனை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வைஃபை கிடைத்துவிட்டால் போனில் வைஃபை அழைப்பு வசதியை இயக்கிவைக்க மறக்க வேண்டாம். டவர் எட்டாத அறையிலும் வழக்கமான எண்ணிலேயே அழைப்பு வரும், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் பெரும்பாலும் வந்துவிடும்.

சிம் வாங்குவதில் சில விஷயங்கள். இருக்கிற எண்ணை இந்தப் பயணத்துக்காக வேறு கம்பெனிக்கு மாற்றாதீர்கள். மாற்றினால் 90 நாளைக்குத் திரும்ப முடியாது, இடையில் ஒரு நாள் எண்ணே இயங்காமல் போனால் உங்கள் பணப் பரிமாற்றம் எல்லாம் நின்றுவிடும். புது முன்கட்டண சிம்மை உங்கள் ஊரிலேயே ஒரு வாரம் முன்னதாக வாங்கி, இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரட்டை சிம் போனில் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் இணையத்துக்கு. எது என்று அமைப்புகளில் நீங்களே மாற்றப் பழகிக்கொள்ளுங்கள். ஊர் வரைபடங்களை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள் என்பதால் வரைபடம் சில சமயம் உங்களைப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தும், அங்கே இணையமும் இல்லையென்றால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் வாங்கும் எண்ணம் இருந்தால் கையில் ரொக்கம் இருக்கட்டும். அவசரத்துக்கு 112 நினைவிருக்கட்டும். உங்கள் கம்பெனிக்கு டவர் இல்லாத இடத்திலும் வேறு எந்தக் கம்பெனியின் டவர் இருந்தாலும் அந்த அழைப்பு போகும்.

மோடம் கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு நாளுக்காக வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய 4ஜி போன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு பவர் பேங்க். இரண்டாவது சிம்மை அதில் போட்டு, ஹாட்ஸ்பாட்டை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் அந்தச் சுவர்களைத் தாண்டாது. பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு முகப்பு, வளவின் திறந்த முற்றம், மாடிப்படியின் மேல் சன்னல், மொட்டை மாடி என்று நான்கு இடத்தில் அரை நிமிடம் நின்று எண்ணைப் படியுங்கள். பெரும்பாலும் மாடிச் சன்னல் வெல்லும். சில வீடுகளில் திறந்த முற்றமே போதும், வானத்தின் வழியாக அலை இறங்கும். வென்ற இடத்தில் போனை வைத்துவிட்டு, நீங்கள் கீழே நிழலில் உட்கார்ந்து வேலை பாருங்கள். போன் மேல் நேர் வெயில் படாமல் இருக்க வேண்டும். சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மூன்று மணிக்கு நன்றாக ஓடியது நான்கு மணிக்கு ஏன் நின்றது என்று சிம்மைப் பழி சொல்வீர்கள். ஓட்டுச் சாய்ப்பின் அடியில், கிழக்குப் பார்த்த பக்கமாக வையுங்கள்.